ஓய்வெடுத்த இழுவைப் படகும் ஒரு பச்சை விருதும்

உலகத்திலேயே சுத்தமான துறைமுகம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் திருகோணமலைத் துறைமுகம். தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. மேலே நின்றபடியே கீழே கிடக்கும் மட்டியின் வயதைச் சொல்லிவிடலாம். டீசலைக் கண்ணால் காண்பதே அபூர்வமாக இருந்த ஊரில் அதைக் கடலில் சிந்த யாருக்கு மனம் வரும்? புகையும் இல்லை, கப்பல் வந்தால்தானே புகை வரும். இரவில் வெளிச்சம் இல்லை, ஊரடங்கு. சத்தமும் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வளவு பெரிய பொய்யை நான்கூடச் சொல்ல மாட்டேன்.

அப்போது நான் சின்னப்போடி கம்பனியில் தலைமைக் கிளாக்கர். எனக்குக் கீழே வேலை பார்த்தது ஒரு பூனை மட்டும்தான், அதுவும் தற்காலிக நியமனம். கப்பல்கள் துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட, அரிசியையும் சீமெந்தையும் தட்டைப் படகுகளில் இறக்கி, அந்தப் படகுகளை ஓர் இழுவைப் படகால் கரைக்கு இழுத்து வருவது கம்பனியின் தொழில். வெருகலில் இருந்து வந்து அதைத் தொடங்கிய சின்னப்போடியர் காலமானதும் மகள் புஷ்பவதி பொறுப்பேற்றார். நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாமலே ஒரு கிரேனை நிறுத்தக்கூடிய பெண். உள்துறைமுகக் கரையில் ஓர் இறங்குதுறை, அதன் தலைமாட்டில் ஒரு பண்டகசாலை, துறையில் கட்டிக் கிடக்கும் "யோகமலர்" என்ற இழுவைப் படகு. இவைதான் அவருடைய உலகம். யோகமலர் என்பது அவருடைய அம்மாவின் பெயர்.

மூன்று வருடத்துக்கு முன் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு எங்கள் கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டன. யோகமலர் கயிற்றில் ஆடிக்கொண்டு கிடந்தது. அதன் இஞ்சின் டிரைவர், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் கிண்ணியா முத்தலிப் மட்டும் நாள் தவறாமல் வந்து, தன் மனைவியின் முகத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திராத அளவுக்கு அந்த இஞ்சினைத் துடைத்துவிட்டுப் போவார். துடைத்துத் துடைத்தே இஞ்சின் அரை அங்குலம் தேய்ந்துவிட்டது என்று நான் சொன்னால், ஒரு வாரத்துக்கு என்னோடு கதைக்க மாட்டார்.

இந்த நேரத்தில்தான் கனகரத்தினம் வந்தார். பாவிக்காமல் கிடக்கும் கட்டடங்களையும் இறங்குதுறைகளையும் அரசாங்கத் தேவைக்குப் பொறுப்பெடுக்கும் ஒரு கந்தோரின் அதிகாரி. ஊரில் அதற்கு "விழுங்கல் கந்தோர்" என்று பெயர். மனிதர் நல்லவர்தான். ஆனால் தன்னுடைய நிழலுக்கே ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் போடுகிற வகை. ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்கும் போனதில்லை.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இது பாவிக்காத இடம். ஆடி மாத முடிவில நாங்கள் பொறுப்பெடுக்கிறம்" என்றார்.

புஷ்பவதி உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். அவர் இருக்கவில்லை.

"கப்பலை விடச் சொல்லுங்கோ, நாளைக்கே பாவிச்சுக் காட்டுறன்."

"கப்பல் எங்கட கந்தோருக்குக் கீழ வராது அம்மா."

"அப்ப உங்கட கந்தோருக்குக் கீழ என்னதான் வரும்?"

"இறங்குதுறை வரும். பண்டகசாலை வரும்." கொஞ்சம் யோசித்து, "அந்தக் கதிரையும் வரும்" என்றார்.

"அப்பா கல்லுக் கல்லாய் அடுக்கிக் கட்டின துறை ஐயா இது. இதை எடுத்தால் நான் கடலைப் பாத்துக்கொண்டு எங்க நிக்கிறது?"

கனகரத்தினத்துக்கும் மனம் இளகிவிட்டது. ஆனால் இளகின மனத்தோடும் அவர் விதியைத்தான் சொன்னார். "ஒரு வழி இருக்கு. இந்த இடம் நாட்டுக்கு வேண்டிய இடம் எண்டு ஒரு அமைச்சர் கையொப்பம் வைச்ச கடதாசி கொண்டு வாங்கோ. எந்த அமைச்சர் எண்டாலும் பறவாயில்ல. கையொப்பம் இருந்தால் நான் கை வைக்க மாட்டன்."

அந்தக் காலத்தில் அமைச்சர்களுக்கு இலங்கையில் பஞ்சமில்லை. வெற்றிலைக்கு ஒருவர், பாக்குக்கு ஒருவர் என்று இருந்தார்கள். ஆனால் திருகோணமலை வரைக்கும் வந்து கையொப்பம் போடுகிற அமைச்சரை எங்கே தேடுவது? நான் வீட்டில் பேப்பரை விரித்துக் கருவாடு சுற்றும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. துறைமுக, விமானத்தள சுற்றாடல் அழகுபடுத்தல் அமைச்சு. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். துறைமுகங்களிலும் விமானத் தளங்களிலும் தொழில் செய்துகொண்டு சுற்றாடலைப் பேணும் நிறுவனங்களுக்கு அது "பச்சை விருது" கொடுக்கப் போகிறது. எரிபொருளைக் குறைத்தவர்கள், புகையைக் குறைத்தவர்கள், கழிவைக் குறைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். "நாட்டுக்கு வேண்டிய இடம்" என்று அச்சடித்த சான்றிதழில் அமைச்சர் விழா மேடையிலேயே கையொப்பம் இடுவார்.

கருவாட்டைப் பூனைக்கு விட்டுவிட்டு இறங்குதுறைக்கு ஓடினேன்.

"தங்கச்சி, எரிபொருளைக் குறைச்சவைக்கு விருதாம்!"

"அண்ணை, நாங்கள் குறைக்கேல்ல. எங்களிட்ட இல்ல."

"இல்லாததை விடக் குறைய யார் பாவிக்க ஏலும்?"

புஷ்பவதி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார். மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் சிரித்து நான் கண்டது. பல் வெள்ளையாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அவ்வளவு உண்மையான விண்ணப்பம் வேறு இல்லை. வருடாந்த டீசல் பாவனை: இல்லை. கடலில் கொட்டிய கழிவு: இல்லை. மின்சாரப் பாவனை: எப்போதாவது. சுற்றாடல் கொள்கை என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் ஏதாவது போட வேண்டுமே என்று, "இழுவைப் படகின் இஞ்சினுக்கு வேண்டிய ஓய்வு வேண்டிய நேரத்தில் வழங்கப்படும்" என்று எழுதினேன். அது அன்று பேனையில் வந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்குப் போட்டி ஒருவர் இருந்தார். சீனன்குடா விமானத் தளத்தில் சிற்றுண்டிச்சாலையும் பெட்டி தூக்கும் ஒப்பந்தமும் வைத்திருந்த பாயிஸ். பயணிகள் விமானம் வந்து எத்தனையோ காலம். இருந்தும் மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் ஓடுபாதையைப் பார்த்தபடி வீட்டில் இருந்து கொண்டுவந்த தேத்தண்ணீர் குடிப்பார், தானே ஊற்றி, தானே பரிமாறி. கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிளாக்கர், நீங்களும் போட்டிருக்கீங்களாமே? வீணா அலையாதீங்க. உங்கட படகு கயித்துல ஆடுறதாவது ஒரு அசைவு. நம்மட இடத்துல பிளேனே இல்ல. சத்தம் இல்ல, புகை இல்ல, பயணி இல்ல. பயணி இல்லாத விமானத் தளத்தை விடப் பச்சையான இடம் துனியாவுல இருக்கா?"

"உங்கட சிற்றுண்டிச்சாலையில அடுப்பு எரியுதே!"

"எரியுறதா? அடுப்புக்குள்ள புறா முட்டை போட்டிருக்கு. போய்ப் பாருங்க!"

நான் போய்ப் பார்க்கவில்லை. புறா முட்டை என்பது பலமான ஆதாரம்.

மதிப்பிட வந்தவர் கொழும்பில் இருந்து கலாநிதி சிவகுருநாதன். சுற்றாடல் விஞ்ஞானி. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி இறங்கி ஏறி, ஒரு சுண்டு அளவு மனிதராகச் சுருங்கித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆனால் கண்ணில் மட்டும் ஓர் ஒளி. அவர் பேசும் தமிழுக்கு இஸ்திரி போட்டிருந்தது.

முதலில் பண்டகசாலைக்குள் கூட்டிப் போனோம். கூரையில் வெடித்துண்டுகள் விழுந்த ஓட்டைகள். வெயில் அவற்றினூடாகக் கற்றை கற்றையாக இறங்கிக்கொண்டிருந்தது. கலாநிதி அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றார்.

"மின்விளக்கைத் தவிர்த்து இயற்கை வெளிச்சம்! இந்தத் துவாரங்களை எந்தக் கட்டடக் கலைஞர் அமைத்தார்?"

"பல பேர் ஐயா. இரண்டு பக்கத்து ஆக்களும் உதவி செய்தவை" என்றார் புஷ்பவதி.

கலாநிதி எழுதிக்கொண்டார். வாசலில் மண்மூட்டைகளைக் கண்டார். எல்லாம் வெறும் கோதுமை மாப் பைகள். "மீள்பாவனை!" என்று எழுதினார். தெருத்தடைக்கு வைத்திருந்த தார்ப் பீப்பாய்களைத் தடவிப் பார்த்து அதையும் எழுதினார். விருதுக்கென்று நாங்கள் முதல்நாள் நட்ட வேப்பங்கன்றுகளைக் காட்டப் போனால், அங்கே கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று நின்று கடைசி இலையை மென்றுகொண்டிருந்தன. நான் மான்களை விரட்டக் கையை ஓங்கினேன். கலாநிதி கண் கலங்கிவிட்டார். "வனவிலங்குகளுக்கு உணவு வழங்கும் திட்டம்" என்று எழுதினார்.

இந்த அளவோடு அவரைத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் இறங்குதுறை முனையில் நின்று யோகமலரைப் பார்த்த கலாநிதி, மகிழ்ச்சி தாங்காமல் ஒரு சொல் சொல்லிவிட்டார்.

"ஆகா! இந்தப் படகு முற்றாகச் செயலிழந்து விட்டது அல்லவா?"

படகுக்குள் இருந்த முத்தலிப்பின் காதில் அது விழுந்தது.

"என்ன சொன்னீங்க?" தலை மட்டும் மேலே வந்தது. "செயலிழந்து போனதா? யாரு?"

"காக்கா, பேசாம இருங்க" என்று புஷ்பவதி பல்லைக் கடித்தார்.

"பேசாம இருக்கவா? நான் மவுத்தாப் போனாலும் இந்த இஞ்சின் போகாது புள்ள! ஐயா, அங்கேயே நில்லுங்க. இப்ப பாருங்க!"

தலை உள்ளே போய்விட்டது. யோகமலரின் இஞ்சின் பழைய காலத்து இஞ்சின். ஊதுவிளக்கால் அதன் தலையைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கித்தான் கிளப்ப வேண்டும். அவ்வளவு நேரமும் நாங்கள் கலாநிதியை அப்பால் இழுத்துப் போகப் பார்த்தோம். கன்னியா வெந்நீர் ஊற்றைப் பார்க்கிறீர்களா என்றேன். கோணேசர் கோயில் என்றேன். மனிதர் அசையவில்லை. நில்லுங்கள் என்று சொன்னால் நிற்கிற பழக்கம், அன்று பார்த்த சோதனைச் சாவடிகளில் வந்திருக்க வேண்டும்.

டொப்... டொப்... டொப். புகைபோக்கியில் இருந்து ஒரு கறுப்புப் பந்து கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு குச்சவெளி வரைக்கும் நிழல் விழுகிற அளவுக்கு ஒரு புகை மேகம். மூதூர்க் கரையில் கோழிகள் அடையப் போய்விட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன், சொன்னதும் நான்தான். புஷ்பவதி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வருடமாகச் சேர்த்த சுத்தமெல்லாம் ஒரு நிமிடத்தில் வானத்தில் போய்க்கொண்டிருந்தது. இறங்குதுறையும் அதோடுதான்.

கலாநிதி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். இன்னொரு தரம் பிடித்தார். வாயில் எச்சில் ஊறியதை நான் கண்டேன்.

"இது என்ன மணம்?"

"உளுந்து வடை" என்றேன். வேறு என்ன சொல்ல?

முத்தலிப் கறுத்த முகத்தோடு மேலே வந்தார். "டீசலுக்கு எங்க போற ஐயா? சந்தியில இருக்கிற வடைக்கடையில சுட்டு மிஞ்சின எண்ணெயை வாங்கி, சீலையில வடிச்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊத்துற. இஞ்சின் கைவிட்டுப் போகாம, கிழமையில ஒருக்கா, ஆரும் இல்லாத நேரம், ஒரு சொட்டு குடுக்கிற. ஆருக்கும் சொல்லல்ல."

எங்கள் ஊரில் அது பெரிய விடயமே இல்லை. பாதி மோட்டார் சைக்கிள்கள் அப்படித்தான் ஓடின. பின்னால் போகிறவனுக்குப் பசிக்கும். ஆனால் கலாநிதி அப்படியே ஒரு மண்மூட்டையில் இருந்துவிட்டார்.

"தாவர எரிபொருள்! அதுவும் கழிவு எண்ணெயில்! ஐரோப்பாவில் இதற்குப் பெரிய பெரிய ஆய்வுகூடங்கள் வைத்து மண்டையை உடைக்கிறார்கள் ஐயா!"

"எங்களுக்கு ஒரு வடைக்கடையே காணும்" என்றார் முத்தலிப்.

பாயிஸின் புறா முட்டை தோற்றுப்போனது. அவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு பச்சை நிறக் குப்பைத்தொட்டி கிடைத்தது. போட வேண்டிய குப்பை அவரிடம் இல்லாததால் அதில் மழைத்தண்ணீர் பிடித்தார்.

விழா எங்கள் இறங்குதுறையிலேயே. துறைமுகத்தின் அமைதியையும் தூய்மையையும் கொண்டாட வந்தவர்களைப் பாருங்கள்: மேடைக்கு ஒரு ஜெனறேற்றர், ஒலிபெருக்கிக்கு ஒரு ஜெனறேற்றர், அந்த ஜெனறேற்றர்களின் வெக்கையைத் தணிக்கும் காற்றாடிக்கு இன்னொன்று. அமைச்சர் சீனன்குடாவுக்கு ஹெலிகொப்டரில் வந்து, அங்கிருந்து அவருக்கு முன்னும் பின்னுமாக வாகனங்கள். முதல் வாகனம் மேடைக்கு வந்தபோது கடைசி வாகனம் பாலையூற்றில் நின்றது. பொலித்தீன் கொடிகள், பிளாஸ்டிக் பூக்கள், "பொலித்தீனை ஒழிப்போம்" என்று பொலித்தீனில் அடித்த பதாகை. டீசல் எங்கே போயிருந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

எல்லாவற்றுக்கும் மேலே பச்சை பலூன்கள். மேடையைச் சுற்றி ஆயிரக்கணக்கில். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடுப்பு வாய்போல வீசிக்கொண்டிருந்தது. நடுப்பகல்.

கனகரத்தினம் முதல் வரிசையில், மடியில் பையோடு இருந்தார். புஷ்பவதி பச்சைச் சேலையில் மேடைக்குக் கீழே. கண்ணாடியில்லாத மரச்சட்டத்தில் வைத்த சான்றிதழ் மேசையில் இருந்தது. கையொப்பத்துக்குப் புள்ளிக் கோடு. அதற்குப் பக்கத்தில் பேனை. அமைச்சர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, கலாநிதி மொழிபெயர்த்தார். ஆகவே எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டோம். இனிக் கையொப்பம் என்று அவர் பேனையை எடுத்துக் குனிந்ததுதான் தாமதம், முதலாவது பலூன் வெயில் தாங்காமல் வெடித்தது.

பட்!

அமைதிக் காலத்து ஊர் என்றால் குழந்தைகள் கைதட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் அமைச்சரைக் காணவில்லை. அவருக்கு மேலே நான்கு மெய்க்காவலர்கள் கிடந்தார்கள். அதற்குள் பட் பட் பட் பட் என்று மற்றப் பலூன்களும் தொடங்கிவிட்டன. சனம் முழுக்கக் குப்புற. இதில் ஊருக்கு நல்ல பழக்கம் இருந்தபடியால் ஒருவருக்கும் காயம் இல்லை. வெற்றிலைத் தட்டத்தைக்கூடக் கவிழ்க்காமல் படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். நிமிர்ந்து நின்ற ஒரே உயிர் ஒரு மான். அது அமைச்சரின் மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

தெருவெல்லாம் மூடியாயிற்று. பலூன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூடின தெருவைத் திறக்கக் கொழும்பில் இருந்து உத்தரவு வர வேண்டும். ஹெலிகொப்டரோ துறைமுகத்துக்கு அக்கரையில், சீனன்குடாவில். அது மாலைக்குள் கிளம்பியாக வேண்டும். அமைச்சர் மேசைப்பக்கமே வரவில்லை. பேனையும் எங்கோ உருண்டுவிட்டது.

"கடல் வழியா கொண்டு போகலாம்" என்றார் புஷ்பவதி. சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "யோகமலர் இருக்கு."

முத்தலிப் அதற்கு முன்பே ஊதுவிளக்கைப் பற்றவைத்திருந்தார்.

ஏறியவர்கள்: அமைச்சர், கலாநிதி, மெய்க்காவலர் இரண்டு பேர், புஷ்பவதி, நான். கையொப்பம் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துக் கோப்பில் போடக் கனகரத்தினமும் பையோடு ஏறிவிட்டார். புஷ்பவதி சான்றிதழைச் சட்டத்தோடு கக்கத்தில் வைத்திருந்தார். அமைச்சரின் வெள்ளை உடுப்பு, பாதித் தூரம் போவதற்குள் தோசைக்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. காவல் படகுகள் அவரைக் கண்டு சலூட் அடித்தன. கிட்ட வந்த சிப்பாய்கள் மூக்கைச் சுழித்து, எங்கே வடை என்று தேடினார்கள்.

துறைமுகத்தின் நட்ட நடுவுக்கு வந்தோம். புஷ்பவதி முத்தலிப்பைப் பார்த்துக் கையை ஒருதரம் தாழ்த்தினார்.

டொப்... டொப்... டொ. நின்றுவிட்டது.

அமைச்சர் என்ன என்று கேட்டார். கலாநிதி என்ன என்று கேட்டார்.

"ஓய்வு" என்றார் புஷ்பவதி.

"என்ன ஓய்வு?"

"இஞ்சினுக்கு ஐயா. எங்கட சுற்றாடல் கொள்கை. வேண்டிய ஓய்வு, வேண்டிய நேரத்தில. நீங்கள் வாசிச்சுப் பாத்து விருது தந்தனீங்கள்தானே?"

கலாநிதி முகம் வெளுத்து அதை மொழிபெயர்த்தார். அமைச்சர் ஏதோ நீளமாகச் சொன்னார். கலாநிதி, "எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்" என்று சுருக்கமாகச் சொன்னார்.

"அது விருதைப் பொறுத்தது. விருது கிடைச்ச கம்பனி எண்டால் கொஞ்ச நேரம். கிடைக்காத கம்பனி எண்டால், நாங்கள் டீசல் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டு, அது வந்த பிறகுதான்."

கச்சான் காற்று யோகமலரைக் கிழக்கே தள்ளத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில்தான் சிவப்பு மிதவைகள். அவற்றைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கடற்படையின் உத்தரவு.

"காக்கா, அந்த மிதவைக்கு அங்கால போனால் என்ன செய்வினம்?" என்று புஷ்பவதி கேட்டார், சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரி.

"முதலாவது வெடி ஆகாயத்துக்கு வைப்பாங்க புள்ள."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதை ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல்ல."

இதைக் கலாநிதி மொழிபெயர்க்கவில்லை. மெய்க்காவலர்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவன் மொழிபெயர்த்தான், கையாலும் காலாலும். அமைச்சர் மிதவைகளைப் பார்த்தார், ஹெலிகொப்டர் நிற்கும் திசையைப் பார்த்தார், தன் உடுப்பைப் பார்த்தார், பிறகு புஷ்பவதியைப் பார்த்தார். புஷ்பவதி சான்றிதழைச் சட்டத்தில் இருந்து கழற்றி, முழங்காலில் வைத்து, சுருக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். சுருக்கம் போன பிறகும் அவர் தடவிக்கொண்டே இருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

"பேனை இருக்கா?" என்று கலாநிதி கேட்டார்.

கிளாக்கரிடம் கேட்கிற கேள்வியா அது? இரண்டு சட்டைப் பைகளில் இருந்தும் எடுத்து நீட்டினேன்.

அமைச்சர் கையொப்பம் போட்டார். அதைப்போல ஒரு கையொப்பத்தை நான் கண்டதில்லை. கோபத்தில் அது புள்ளிக் கோட்டைத் தாண்டி, ஓரத்தில் அச்சடித்திருந்த வேப்பமரத்தின் நுனி வரைக்கும் போயிருந்தது. ஆனால் கையொப்பம்தான். போட்டு முடித்ததும் புஷ்பவதி கையை உயர்த்தினார். சூடு ஆறாத இஞ்சின் ஒரே உதையில் கிளம்பியது.

சீனன்குடாவில் அமைச்சர் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், ஓடவில்லை என்று சொல்லக்கூடிய ஆகக் கூடின வேகத்தில் நடந்து போனார். மெய்க்காவலர்கள் பின்னால் ஓடினார்கள். கலாநிதி மட்டும் நின்று, "மிகச் சிறந்த கொள்கை" என்று புஷ்பவதிக்குக் கைகூப்பிவிட்டுப் போனார். கேலியா உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஹெலிகொப்டர் மேலே ஏறிற்று.

புஷ்பவதி கடதாசியைக் கனகரத்தினத்திடம் நீட்டினார். கடலில் குலுங்கி வந்ததில் அவர் முகம் மஞ்சளாக இருந்தது. ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தார். பிறகு இன்னொரு தரம்.

"அம்மா, நல்ல கடதாசி. ஆனால்..."

"ஆனால்?"

"திகதி போடேல்ல. திகதி இல்லாத கையொப்பத்தைக் கந்தோரில எடுக்க மாட்டினம். அவரைக் கொண்டு போடுவிச்சால் நல்லது."

மூவரும் மேலே பார்த்தோம். ஹெலிகொப்டர் ஒரு தும்பியளவுக்கு வந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

புஷ்பவதி அவரைத் திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறினார். நானும் ஏறினேன். முத்தலிப் கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். கனகரத்தினம் கரையில் நின்றார். பின்னால் மூடின தெரு, அதில் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகச் சாவடிகள், முன்னால் யோகமலர்.

"அம்மா, நான் எப்பிடித் திரும்பிப் போறது?"

"இது பாவிக்காத இடத்துப் படகு ஐயா. நீங்கள்தானே சொன்னனீங்கள். பாவிக்காத படகில அரசாங்க உத்தியோகத்தரை ஏத்த எனக்கு அதிகாரம் இல்ல."

படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் வந்தது. பிறகு இரண்டு முழம்.

கனகரத்தினம் பையைத் திறந்தார். கையிலிருந்த கடதாசியை முழங்காலில் வைத்துத் திகதியைப் போட்டார். மைப்பெட்டியில் முத்திரையை அழுத்தி, "பாவனையில் உள்ள இடம்" என்று குத்தினார். குத்தினது போதாதென்று தோன்றியிருக்க வேண்டும், இன்னும் ஒரு தரம் குத்தினார். பிறகு பையைத் தோளில் மாட்டி, கடதாசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, அந்த இரண்டு முழத்தையும் அவர் தாண்டின தாண்டலை ஒலிம்பிக்கில் யாராவது அளந்திருந்தால் இலங்கைக்கு ஒரு பதக்கம் வந்திருக்கும்.

புஷ்பவதி அவர் பல்லில் இருந்து கடதாசியை மெதுவாக எடுத்தார். முத்திரையின் மை காயும் வரைக்கும் ஊதினார். அப்புறம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"போவமா புள்ள?" என்று முத்தலிப் கேட்டார்.

"ஓம் காக்கா. எங்கட துறைக்கு விடுங்க."